தோணி மனம் என்றால், கடல் எது?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

உருவகம் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சில வரிகளைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. கவிதை முழுக்க ஒரே உருவகம் நீண்டு வந்தால் அதை எப்படிப் படிப்பது? எது எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்ததா? இதே கேள்வியோடு நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவள் நான். இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். தேவாரத்தில் வரும் ‘மனமெனும் தோணி’ பாடலுக்கு உரை படித்தேன். தோணி மனம், கோல் அறிவு, சரக்கு கோபம், பாறை காமம் என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். புரிந்துவிட்டது. ஆனால் புரிந்த பிறகு பாட்டில் மிச்சம் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கிறது. உருவகத்தைப் புரிந்துகொள்வது இவ்வளவுதானா?
– ஒரு பள்ளி ஆசிரியை

பதில்: அந்த வரிசையை உரைகாரர் கண்டுபிடிக்கவில்லை, அம்மா. அப்பரே எழுதிவைத்துவிட்டார். பாட்டைப் பாருங்கள்:

மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்
சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது
மதனெனும் பாறை தாக்கி மறியும்போது அறிய ஒண்ணாது
உனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூர் உடைய கோவே

‘எனும்’ என்று நான்கு முறை சொல்லி, எது எது என்பதைக் கவிஞரே முடித்துக் கொடுத்துவிட்டார். அதையே திரும்ப எழுதிவிட்டுப் ‘பொருள் விளங்கிவிட்டது’ என்று எழுந்து போனால் மிச்சம் இருக்காதுதான். நம் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கொஞ்ச நேரம் மனம், மதி, சினம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். வெறும் தோணியாகவே பாருங்கள். ஒருவன் தோணியில் ஏறுகிறான். கோலை ஊன்றுகிறான். கோல் எப்படி வேலை செய்யும்? அடியில் தரை தட்ட வேண்டும். தரையில் ஊன்றித் தள்ளினால்தான் தோணி நகரும். கரையோரத்தில் அது நல்ல கருவி. ஆழத்துக்குப் போய்விட்டால் நீளம் போதாது. இவன் போவதோ கடலுக்கு. மதியைக் கோல் என்று சொன்னதில் அதன் பயனும் இருக்கிறது, அதன் எல்லையும் இருக்கிறது என்று நான் படிக்கிறேன்.

அடுத்தது சரக்கு. சினத்தைப் புயல் என்றோ சுறா என்றோ சொல்லியிருக்கலாம். வெளியிலிருந்து வந்து தாக்குகிற ஒன்றாகக் காட்டியிருக்கலாம். அப்பர் அதைச் சரக்கு என்கிறார். சரக்கு தானாக வந்து ஏறாது. ‘ஏற்றி’ என்ற வினையைச் செய்தவன் தோணிக்காரன். அதுவும் எதற்காக ஏற்றுகிறான்? கொண்டுபோய் இறக்கினால் ஏதோ ஆதாயம் கிடைக்கும் என்று நம்பித்தானே! நம் கோபத்தை நாம் சுமந்து திரிவதும் அப்படித்தான். எங்கோ ஓரிடத்தில் அதற்கு விலை கிடைக்கும் என்று உள்ளூர ஒரு கணக்கு இருக்கும்.

இப்போது பாறைக்கு வாருங்கள். பாறை நகராது. தோணிதான் போய் மோதுகிறது. பாரம் ஏற்றிய தோணி தண்ணீரில் தாழ்ந்து போகும். வெறுந்தோணி உரசாமல் கடந்துவிடும் பாறை, தாழ்ந்து போகிற தோணியின் அடியைக் கிழித்துவிடும். அப்படியானால் சினத்துக்கும் காமத்துக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது: ஒன்றின் பாரம்தான் மற்றதன்மேல் மோத வைக்கிறது. உரையில் கொடுத்த வரிசையில் இந்த உறவு கிடையாது. நான்கு பொருள்களைத் தனித்தனியே பெயர்த்து எழுதினால் வராது. தோணியைத் தோணியாகவே பார்த்தால்தான் வரும்.

இன்னும் ஒன்று. தோணிக்கும் கோலுக்கும் சரக்குக்கும் பாறைக்கும் ‘எனும்’ போட்டவர் கடலுக்குப் போடவில்லை. ‘செறிகடல்’ என்பதோடு விட்டுவிட்டார். பிறவி என்று நாம் நிரப்பிக்கொள்கிறோம். மரபு அப்படி நிரப்பப் பழக்கியிருக்கிறது. திருக்குறளில் இதற்கு நேர்மாறு. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்’ என்ற பத்தாம் குறளில் கடல் சொல்லப்படுகிறது, தெப்பம் சொல்லப்படவில்லை. பரிமேலழகர்தான் ‘இறைவன் அடி என்னும் புணை’ என்று அதைக் கொண்டுவந்து வைக்கிறார். ஒரு பகுதியை உருவகம் செய்து மறு பகுதியை விட்டுவிடுவதை ஏகதேச உருவகம் என்பார்கள். வள்ளுவர் கடலைக் கொடுத்துத் தெப்பத்தை நம்மிடம் விட்டார். அப்பர் தோணியைக் கொடுத்துக் கடலை விட்டார். எதை விட்டிருக்கிறார் என்று தேடுங்கள். கவிதை உங்களைக் கூப்பிடும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கடைசியாக அந்த வேண்டுதல். தோணி கவிழப் போகிறது. ‘காப்பாற்று, கரை சேர்’ என்றுதான் யாரும் கேட்பார்கள்; உருவகமும் நம்மை அதற்குத்தான் தயார் செய்கிறது. அப்பர் அதைக் கேட்கவில்லை. கவிழும்போது ஒன்றுமே தெரியாமல் போய்விடும், அந்த நேரத்தில் உன்னை நினைக்கிற உணர்வைக் கொடு என்கிறார். தோணி என்ன ஆனது என்று பாட்டில் இல்லவே இல்லை. இத்தனை அடி தோணியிலேயே வந்துவிட்டு, கேட்கும் இடத்தில் தோணியை விட்டுவிடுகிறார் பாருங்கள், அங்கே எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: பாரதியின் ‘அக்கினிக் குஞ்சு’ எதைக் குறிக்கிறது? விடுதலை வேட்கை என்று நான் எழுதினேன். என் தோழி அறிவு என்கிறாள். ஆளுக்கொரு பொருள் சொல்லலாம் என்றால் தவறான பொருள் என்று ஒன்று கிடையாதா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பதில்: தவறான பொருள் நிச்சயமாக உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்;
வெந்து தணிந்தது காடு, – தழல்
வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?
தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்.

அப்பர் பாட்டில் ‘எனும்’ இருந்தது. இங்கே அது இல்லை. தீ இன்னதுதான் என்று கவிஞர் எங்கும் சொல்லவில்லை. அதனால்தான் நீயும் உன் தோழியும் வேறு வேறு விடை எழுத முடிகிறது. ஆனால் எந்த விடை எழுதினாலும் அது இந்தக் கவிதையில் நடக்கும் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். என்னென்ன நடக்கிறது?

ஒருவன் ஒரு சிறு நெருப்பைக் காண்கிறான். அதை அவன் எறியவில்லை, கொளுத்தவில்லை, வைக்கிறான். எங்கே? சருகுக் குவியலில் வைத்திருந்தால் சட்டென்று பற்றியிருக்கும். மரப்பொந்தில் வைக்கிறான். பறவை தன் குஞ்சை வைக்கிற இடம் அது. கவனமும் அன்பும் உள்ள கை அது என்று தெரிகிறது. பொந்தில் வைத்த நெருப்பு மரத்தை உள்ளிருந்து தின்னும், வெளியே தெரிவதற்கு நேரமாகும் என்பதையும் சேர்த்துக்கொள். அதற்குப் பிறகு ‘நான்’ காணாமல் போகிறான். கண்டேன், வைத்தேன், அவ்வளவுதான். மற்றதைத் தீயே பார்த்துக்கொள்கிறது. ஒரு காடு எரிந்து முடிவதற்கு மூன்றே சொற்கள். பிறகு ஒரு கேள்வி. பிறகு கூத்து.

இப்போது விடைகளைச் சோதிப்போம். ‘சின்னக் கெட்ட பழக்கம் ஒன்று வாழ்க்கையையே அழித்துவிடும்’ என்று ஒருவர் பொருள் சொல்கிறார் என்று வைத்துக்கொள். சிறியது பெரியதை அழிக்கிறது என்பது மட்டும் பொருந்துகிறது. ஆனால் கடைசி வரியில் ஜதி சொல்லி ஆடுகிறானே, அது பொருந்தவில்லை. ‘வீரம்’ என்று சொல்கிறானே, அதுவும் பொருந்தவில்லை. ஆகவே அந்த விடை தவறு. விடுதலை வேட்கை? சிறிதாகத் தொடங்கியது, ஒளித்து வைத்து வளர்க்கப்பட்டது, வைத்தவன் கையை மீறிப் போனது, மகிழ்ச்சியில் முடிகிறது. எல்லாம் பொருந்துகிறது, பாரதி வாழ்ந்த 1882 முதல் 1921 வரையிலான காலமும் அதற்குத் துணை நிற்கிறது. அறிவு? அதுவும் பொருந்தும். ஆனால் உன் தோழி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அப்படியானால் காடு எது?

எல்லோரும் தீக்குப் பொருள் சொல்லிவிட்டுக் காட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காடுதான் தீயின் பொருளைத் தீர்மானிக்கிறது. அடிமைத்தனம் காடு என்றால் தீ விடுதலை. அறியாமை காடு என்றால் தீ ஞானம். நான் நெடுநாள் வளர்த்து வைத்த என் அகந்தைகள் காடு என்றால் தீ வேறு ஒன்றாகிறது. அப்போது பொந்து என் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. தேர்வில் நீ எழுதிய விடை சரி. தேர்வுக்கு வெளியே ஒருநாள் காட்டிலிருந்து தொடங்கிப் படித்துப் பார்.

கேள்வி: உருவகம் ஒன்று, அணி எத்தனையோ! முற்றுருவகம், ஏகதேசம், பிறிதுமொழிதல், உள்ளுறை... இந்தப் பெயர்கள் எல்லாம் தெரிந்தால்தான் கவிதையை அனுபவிக்க முடியுமா?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டியதில்லை. தண்டியலங்காரம் உருவகத்தின் விரிவாகப் பதினைந்து வகைகளைச் சொல்கிறது. அவற்றை மனப்பாடம் செய்யாமலே அனுபவிக்கலாம். ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் கண் பழகிக்கொண்டால் போதும்: குறிக்கப்படும் பொருளைக் கவிஞர் வெளியே சொல்லியிருக்கிறாரா, சொல்லாமல் விட்டிருக்கிறாரா? ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’ என்ற 475-ஆம் குறளில் மயிலிறகும் வண்டியும் அச்சும்தான் இருக்கின்றன. அரசனோ பகைவரோ அதில் இல்லை. ‘வலியறிதல்’ என்ற அதிகாரத்துக்குள் உட்கார்ந்திருப்பதால்தான், எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்கிறவனைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறோம். இதைப் பிறிதுமொழிதல் என்கிறார் பரிமேலழகர். நுவலா நுவற்சி என்றும் ஒட்டு என்றும் சொல்வோர் உண்டு என்கிறார். பெயர் எதுவானாலும், பொருளுக்கான சாவியைக் குறளுக்கு வெளியே, அதிகாரத் தலைப்பில் தேட வேண்டியிருக்கிறது என்பதே நமக்கு வேண்டியது.

கேள்வி: சங்கப் பாடல்களில் மீன் வந்தால் பரத்தை, பழம் வந்தால் தலைவன் என்று உரையாசிரியர்கள் சொல்வது எனக்கு உறுத்துகிறது. புலவர் வயலையும் குளத்தையும் பார்த்து எழுதியிருப்பார். இவர்கள்தானே ஏற்றிச் சொல்கிறார்கள்?
– பணி ஓய்வு பெற்ற ஒருவர்

பதில்: உங்கள் ஐயம் நல்ல ஐயம். எல்லா மீனும் பரத்தை ஆகிவிடாது. ஆனால் ஏற்றிச் சொல்வதாக முழுக்கத் தள்ளவும் முடியாது, ஐயா. உள்ளுறை உவமம் என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே சொல்கிறது. கருப்பொருள்களில் தெய்வத்தை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டு உள்ளுறை அமைக்க வேண்டும் என்று எல்லை கூட வகுக்கிறது. ஆகவே வெளியே ஒரு காட்சி, உள்ளே ஒரு செய்தி என்று எழுதுவதும் கேட்பதும் அந்த மரபுக்குள் இருந்தவர்களுக்குப் பழக்கமானதுதான்.

எந்தக் காட்சியில் உள்ளுறை தேடலாம்? நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். யார் பேசுகிறார்கள், யார் காதில் விழுவதற்காகப் பேசுகிறார்கள் என்பது முதல் விஷயம். அந்தக் காட்சியில் ஏதாவது நடக்கிறதா என்பது இரண்டாவது. வெறுமனே பூத்திருக்கிற பூவைப் பூவாகவே விட்டுவிடலாம். குறுந்தொகையின் எட்டாம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் ஆலங்குடி வங்கனார்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பேசுகிறவள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். வயலோரத்து மாமரத்தில் விளைந்து, தானே உதிர்கிற இனிய பழத்தைப் பொய்கையில் உள்ள வாளை மீன் கவ்விக்கொள்ளும் ஊர் அவன் ஊர். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனால், நாம் கையைக் காலைத் தூக்கினால் கண்ணாடியில் தானும் தூக்கும் உருவத்தைப் போல, தன் மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான். இதுதான் அவள் சொல்வது.

மீன் மரமேறிப் பழம் பறிக்கவில்லை. பழம் தானாக விழுந்தது. மீன் இருந்த இடத்தில் வாயைத் திறந்தது, அவ்வளவுதான். ‘நான் உன் கணவனை இழுக்கவில்லை, அவனாக வந்தான்’ என்பதை அவள் நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். ஊரை வருணிப்பதுபோல் சொல்லிவிட்டாள். பேசுகிறவளுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும்போது அந்த மீனை வெறும் மீன் என்று எப்படி விடுவது?

இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். நான் இன்னும் ஓர் அடி போவேன். பாட்டில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்று மறைவாக வந்த பழம், இன்னொன்று ‘போல’ என்று வெளிப்படையாக வந்த கண்ணாடி உருவம். பழம் தன் பாரத்தால் விழுகிறது. கண்ணாடி உருவம் எதிரில் நிற்பவர் அசைந்தால் அசைகிறது. இரண்டிலும் தனக்கென்று ஒரு விருப்பம் கிடையாது. ஒரு வீட்டில் விழுகிற பழம், மறு வீட்டில் ஆடுகிற நிழல். ஒரே ஆளைத்தான் இரண்டு விதமாகக் காட்டுகிறாள். தலைவியைச் சீண்டுவதற்காகப் பேசத் தொடங்கியவள், இரண்டு பெண்களுக்கும் பொதுவான ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறாள் என்று எனக்குப் படுகிறது. ‘தன் புதல்வன் தாய்’ என்று தலைவியைக் குறிப்பிடும் விதத்தில் அந்தக் கசப்பு நன்றாகவே கேட்கிறது.

கேள்வி: ஒரு உருவகத்தில் தொடங்கிவிட்டால் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டாமா? நடுவில் மாறினால் அது குறையா?
– ஒரு வாசகி

பதில்: கவனக்குறைவால் மாறினால் குறை. தேவைக்காக மாறினால் அங்கேதான் கவிதை திரும்புகிறது. பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதி இப்படித் தொடங்குகிறது:

வையம் தகளியா வார்கடலே நெய்யாக
வெய்ய கதிரோன் விளக்காகச் – செய்ய
சுடராழி யானடிக்கே சூட்டினேன் சொல்மாலை
இடராழி நீங்குகவே என்று

பூமி அகல், கடல் நெய், சூரியன் சுடர். இவ்வளவு பெரிய விளக்கை அமைத்துவிட்டு, அதை ஏற்றினேன் என்று அவர் சொல்வதே இல்லை. ‘சூட்டினேன் சொல்மாலை’ என்று மாலைக்குப் போய்விடுகிறார். பிழையா? பாருங்கள்: அந்த விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. பூமியும் கடலும் கதிரவனும் அவர் செய்தவை அல்லவே! அவர் கையால் செய்யக்கூடியது சொல் ஒன்றுதான். ஆகவே விளக்கிலிருந்து மாலைக்கு வந்தாக வேண்டும். நெய்யாக இருந்த கடல் கடைசி அடியில் இடர்க்கடலாகத் திரும்பி வருவதையும் கவனியுங்கள்.

பூதத்தாழ்வார் இரண்டாம் திருவந்தாதியை அதே விளக்கோடு தொடங்குகிறார்:

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா – நன்புருகி
ஞானச் சுடர்விளக் கேற்றினேன் நாரணற்கு
ஞானத் தமிழ்புரிந்த நான்

பொய்கையார் விளக்கில் திரி இல்லை. இங்கே திரி வந்துவிட்டது. உருகுகிற சிந்தைதான் திரி. அங்கே இல்லாத ‘ஏற்றினேன்’ இங்கே வந்துவிட்டது. வெளியே எரியும் விளக்கை யாரும் ஏற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் விளக்கைத் தானே ஏற்ற வேண்டும். இவர் கடைசிவரை விளக்கிலேயே நிற்கிறார், ஏனென்றால் நிற்க முடிகிறது. ஒரே உருவகத்தை இரண்டு கவிஞர்கள் கையாளும்போது, ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாத சிறு பொருளைத் தேடுங்கள். இந்த இரண்டு பாட்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு திரிதான்.

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வால்ட் விட்மனின் ‘ஓ கேப்டன்! மை கேப்டன்!’ கவிதையில் கப்பல் நாடு, தலைவன் லிங்கன், பயணம் உள்நாட்டுப் போர் என்று எழுதிவிட்டேன். இதற்கு மேல் என்ன எழுதுவது?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது சரியான தொடக்கம். 1865 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். தென்தரப்பின் தளபதி லீ சரணடைந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். அதே ஆண்டில் வந்த கவிதை இது. லிங்கனின் பெயர் கவிதையில் எங்கும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவும் சாவி வெளியே இருக்கிற கவிதைதான்.

இனி உங்கள் வரிசை எங்கே உடைகிறது என்று பாருங்கள். கப்பல் நாடு என்றால் நாட்டு மக்கள் கப்பலில் இருக்க வேண்டும். ஆனால் கரையிலும் ஒரு பெருங்கூட்டம் நின்று ஆரவாரம் செய்கிறது, மணி அடிக்கிறது, பூங்கொத்தும் மலர்வளையமும் காத்திருக்கின்றன. அவர்கள் யார்? அவர்களும் அதே நாட்டு மக்கள்தானே? கணக்கு இடிக்கிறது. இடிக்கும் இடத்தை மறைத்து எழுதாதீர்கள். கரையில் எல்லோரும் கொண்டாடும்போது தளத்தில் ஒருவன் மட்டும் பிணத்தருகே நடந்துகொண்டிருக்கிறான். அந்தத் தனிமைக்காகத்தான் விட்மனுக்குக் கரை வேண்டியிருக்கிறது. மணியும் மலர்வளையமும் வெற்றிக்கும் உரியவை, சாவுக்கும் உரியவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அழைக்கும் விதமும் மாறுகிறது: தலைவனே என்று தொடங்கியவன் போகப்போகத் தந்தையே என்கிறான். கப்பலுக்குத் தந்தை கிடையாது. அந்த அழைப்பு வரும்போது உருவகம் விலகி ஒரு மகன் மட்டும் நிற்கிறான். உங்கள் கட்டுரையின் இரண்டாம் பாதியை இங்கே தொடங்கலாம்.

கேள்வி: ‘வாழ்க்கை ஒரு ரயில் பயணம்’ என்று தொடங்கி நீண்ட கவிதை ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன். தண்டவாளம் விதி, சிக்னல் மனசாட்சி, பயணச்சீட்டு ஆயுள். பட்டியல்போல் இருக்கிறது என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?
– ஒரு இளம் கவிஞர்

பதில்: நண்பர் சொல்வது சரி. தண்டவாளம் விதி என்பது ரயிலில் ஏறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தது. ரயில் உங்களுக்கு எதையும் புதிதாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கவிதையில் ஒரு வரி இருக்கிறது: எதிர் இருக்கைக்காரர் முதுகு காட்டிக்கொண்டே ஊருக்குப் போகிறார் என்று. அங்கே நான் நின்றுவிட்டேன். ஒரே பெட்டி, ஒரே வேகம். ஒருவர் வருவதைப் பார்க்கிறார், ஒருவர் போனதை மட்டும் பார்க்கிறார். இது ரயில் கொடுத்த வரி. மற்றவற்றை எடுத்துவிட்டு இதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். ‘வாழ்க்கை’ என்ற சொல் இல்லாமலே எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நாங்கள் நால்வர் வாரந்தோறும் கூடிக் கவிதை படிக்கிறோம். பழகிப் பார்க்க ஒரு பாட்டைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர் குழு

பதில்: மீண்டும் அப்பரிடமே போங்கள். நான்காம் திருமுறையில் இருக்கிறது:

மெய்ம்மையாம் உழவைச் செய்து விருப்பெனும் வித்தை வித்திப்
பொய்ம்மையாம் களையை வாங்கிப் பொறையெனும் நீரைப் பாய்ச்சித்
தம்மையும் நோக்கிக் கண்டு தகவெனும் வேலி இட்டுச்
செம்மையுள் நிற்பர் ஆகில் சிவகதி விளையும் அன்றே

உழவு, வித்து, களை, நீர், வேலி, விளைச்சல் எல்லாம் இருக்கின்றன. நிலம் மட்டும் சொல்லப்படவில்லை. முதலில் அதைப் பேசுங்கள். பிறகு மூன்றாம் அடிக்கு வாருங்கள். ‘தம்மையும் நோக்கிக் கண்டு’ என்பதற்கு மட்டும் ‘எனும்’ இல்லை, ‘ஆம்’ இல்லை. வயலில் அது என்ன வேலை? நீர் பாய்ச்சிய பிறகும் வேலி போடுவதற்கு முன்பும் அது ஏன் வருகிறது? வித்திட்ட உடனே போட்டிருக்கலாமே, வேலி ஏன் இவ்வளவு பின்னால்? உரை நூலைத் திறக்காமல் நால்வரும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். விடைகள் வேறுபட்டால் அப்படியே அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் அருகருகே வைத்துப் பேசலாம்.